வெள்ளைப்படுதலுக்குப் போன இடத்தில் ஹெப்படைட்டிஸ் சோதனை எதற்கு?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 39. லாபிஸ் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பட்டணத்தில் தாமான் வீட்டில் இருக்கிறோம். கணவர் லாரி ஓட்டுகிறார். சிங்கப்பூர், ஜொகூர் பாரு என்று போனால் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். மூன்று மாதமாக எனக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருக்கிறது. இங்குள்ள அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மருந்துக்கு அடங்கவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே எச்ஐவி, சிபிலிஸ் சோதனையோடு ஹெப்படைட்டிஸ் பி, சி என்றும் எழுதி, "இங்கே வருகிற எல்லாருக்கும் எடுப்பதுதான்" என்றார்கள். என்னை எப்படிப்பட்டவள் என்று நினைத்துவிட்டார்கள்? வெளியூரில் தங்குகிற மனிதர் என்று என் கணவரைச் சந்தேகப்படுகிறார்களா? அங்கு நர்ஸாக வேலை பார்க்கும் மிஸ்ஸி ஒருவர் எங்கள் பழைய தோட்டத்துப் பெண் வேறு. ரத்தம் கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே கிடையாது. குடிப்பழக்கமே இல்லாத என் அண்ணன் நான்கு வருடத்துக்கு முன்பு 46 வயதில் ஈரல் புற்றுநோயில் இறந்ததிலிருந்து ரத்தச் சோதனை என்றாலே பயம். நான் திரும்பப் போகத்தான் வேண்டுமா?
— ஒரு சகோதரி, லாபிஸ், ஜொகூர், மலேசியா

பதில்:

சகோதரி, போங்கள். இந்த வாரமே போங்கள்.

கணவரின் லாரியைப் பற்றியும் மிஸ்ஸியைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கே நிற்கவில்லை. கடைசியில், பயத்துக்குக் காரணம் சொல்வதற்காக மட்டும் ஒரு வரி எழுதினீர்களே, அங்கேதான் நின்றது. குடிக்காத அண்ணன், 46 வயது, ஈரல் புற்றுநோய். அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது தெரியாது. நீங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்டிருக்க மாட்டார். தெரிந்திருந்தால் உங்களை அப்படி எழுந்து போகவிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நம் தோட்டங்களில் வயிறு வீங்கி, கைகால் மெலிந்து, கண் மஞ்சளாகி இறந்தவர்களை எல்லாம் சம்சுச் சாராயத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். "குடிச்சே செத்தான்" என்று ஒரு வார்த்தையில் கதை முடிந்தது. பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்களும் அதே மாதிரி இறந்தார்கள். அவர்களையும் "மறைவாகக் குடித்திருப்பான்" என்று பேசிய வாய்கள் உண்டு. நானும் செகாமாட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இந்தப் பேச்சைத் துக்க வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் ஈரலில் இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஈரலைச் சுருங்க வைக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். சில பேருக்கு ஈரல் சுருங்குவதற்கு முன்பே புற்றுநோய் வந்துவிடுவதும் உண்டு. அதற்குச் சாராயம் தேவையில்லை.

உங்கள் அண்ணனுக்கு அதுதான் இருந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பார்க்கலாம். அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அண்ணி வீட்டில் எங்காவது ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். ரத்தச் சோதனைத் தாளில் எச், பி, எஸ், ஏ, ஜி என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் சேர்ந்தாற்போல் ஒரு வரியில் வரும். அதற்கு நேரே 'ரியாக்டிவ்' அல்லது 'பாசிடிவ்' என்று இருந்தால், அந்த வைரஸ் உங்கள் குடும்பத்தில் இருந்திருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டாலும் போங்கள்.

இனி இந்தச் சோதனையை அவமானமாக நினைத்தீர்களே, அதற்கு வருகிறேன். இந்த வைரஸ் உடலுறவிலும் பரவும், எச்ஐவியைவிடச் சுலபமாகவே பரவும். பால்வினை நோய்ப் பிரிவில் இதைப் பார்ப்பது அதனால்தான். எச்ஐவிக்கும் சிபிலிசுக்கும் எப்படியும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள், அதே குத்தில் இதையும் பார்த்துவிடலாம். ஆனால் ஒருவருக்கு இது 'இருக்கிறது' என்று தெரிந்தால், அவர் யாரோடு படுத்தார் என்று அது சொல்லாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எத்தனையோ குடும்பங்கள் இது தெரியாமல் உடைந்திருக்கின்றன.

நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஆறு மாதத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு வந்தால் கதை தலைகீழ். தடுப்பூசி கிடைக்காத அப்படிப்பட்ட பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். ஆகவே நம் நாட்டில் நாற்பது வயதில் ஒருவருக்கு இது நாள்பட்டு இருக்கிறது என்றால், பிறந்தபோதோ சின்ன வயதிலோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கல்யாணத்துக்கு இருபது வருடத்துக்கு முந்திய சங்கதிக்கு இன்றைக்கு உங்கள் கணவரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை, உங்களையும் யாரும் ஏற்ற முடியாது.

மலேசியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1989ஆம் ஆண்டில். நீங்கள் அதற்கு முன்னால் பிறந்தவர். உங்கள் அண்ணன் பிறந்த காலத்தில் உலகத்தில் எங்குமே இந்தத் தடுப்பூசி கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். அம்மாக்கள் விடியும் முன், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். ஆயாக் கொட்டகையில் முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கிடப்போம். முழங்கால் சிராய்ப்பும் சிரங்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் படும். சின்னப் பிள்ளைகளிடையே இந்த வைரஸ் அப்படியும் பரவும். காய்ச்சல் என்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஊசி போடுவார். கண்ணாடிக் குழாய், தடித்த ஊசி. எனக்கு முன்னால் நின்ற பையனுக்குப் போட்டுவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அதே ஊசியைத் துடைத்து எனக்குப் போட்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு தோட்டத்துக்கு ஒருவராக ஓடிய மனிதர். ஆனால் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஸ்பிரிட் பஞ்சுக்கு அது எங்கே போகும்?

"எல்லாருக்கும் எடுப்பதுதான்" என்று அவர்கள் சொன்னது உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய் இல்லை. நான் டாக்டராகி வந்த புதிதில் ஆள் பார்த்துத்தான் கேட்பேன். பச்சை குத்தியவரா, வெளியூரில் தங்குபவரா, ஊசி போதைப் பழக்கம் உள்ளவரா, சரி, எழுது சோதனைக்கு. பள்ளிக்கூட ஆசிரியை, வெள்ளிக்கிழமை விரதம், குனிந்த தலை நிமிராதவர், அவருக்கு எதற்கு? அப்படி நான் 'எதற்கு' என்று விட்ட ஒரு ஆசிரியை எட்டு வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்து என்னிடமே வந்தார். ஹெப்படைட்டிஸ் பி. எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு சிறு குப்பி ரத்தம் எடுத்திருந்தால் மாத்திரையில் நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. ஆள் பார்த்துக் கேட்பதுதான் அவமானம் சகோதரி. எல்லாரையும் கேட்கிற இடத்தில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. அமெரிக்காவில்கூட 2023ஆம் ஆண்டிலிருந்து 18 வயதைத் தாண்டிய எல்லாரும் வாழ்நாளில் ஒருமுறையாவது ஹெப்படைட்டிஸ் பி சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அவர்களின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லிவிட்டது. ஆள் பார்த்து விசாரித்துப் பிடிப்பதைவிட இது சுலபம் என்று அங்கும் புரிந்துகொண்டார்கள்.

மஞ்சள் காமாலை வந்ததில்லை என்கிறீர்கள். நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது வந்ததே இருக்காது. பசி இருக்கும், வேலை செய்வார்கள், பிள்ளை பெறுவார்கள். கண் மஞ்சளாவதற்குக் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

ரத்தம் கொடுக்கும்போது, முடிந்தால் மூன்று விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: வைரஸ் இப்போது இருக்கிறதா, முன்பு வந்து போயிருக்கிறதா, எதிர்ப்பு சக்தி இருக்கிறதா. மூன்றும் இல்லை என்று வந்தால் சந்தோஷம். ஆனால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. வந்து போய்விட்டது என்றால் மருந்து வேண்டாம். பின்னால் எப்போதாவது புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால் மட்டும் அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடங்கிக் கிடப்பது மறுபடி எழலாம்.

இருக்கிறது என்று வந்தால்? அன்றைக்கே உலகம் முடிந்துவிடாது. ஈரல் நொதி, வைரஸின் அளவு, ஈரல் ஸ்கேன் என்று பார்ப்பார்கள். எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், நாளுக்கு ஒரு மாத்திரை. முழுக்க ஒழிக்காது, ஆனால் அடக்கி வைக்கும், புற்றுநோய் ஆபத்தையும் குறைக்கும். கூடப் பிறந்தவருக்கு ஈரல் புற்றுநோய் வந்திருப்பதால் உங்களுக்கு மட்டும் ஒரு சொல் அதிகம்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். மருந்து வேண்டாம் என்று சொன்னாலும் இந்த ஸ்கேனை விடக்கூடாது. உங்கள் அண்ணனுக்குக் கிடைக்காமல் போனது இதுவாக இருக்கலாம். கட்டி கடலை அளவில் இருக்கும்போது கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கலாம், சுட்டும் அழிக்கலாம்.

ஹெப்படைட்டிஸ் சி வேறு ரகம். கணவன் மனைவிக்குள் உடலுறவால் அது பரவுவது குறைவு. ஆணோடு ஆண் உறவு கொள்பவர்களிடையே, அதிலும் எச்ஐவி இருந்தால், பரவுகிறது. முக்கியமாக ரத்தத்தின் வழியாகத்தான் வரும்: பகிர்ந்த ஊசி, சுத்தமில்லாத பச்சைகுத்தல், அந்தக் காலத்தில் சோதிக்காமல் ஏற்றிய ரத்தம். அதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் குணமாக்கிவிடலாம். பன்னிரண்டு வார மாத்திரை, நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக்கக் குணம். இதில் நம் நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறேன். இதைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 2017 செப்டம்பரில் காப்புரிமை உள்ள மருந்தின் மலிவான வகையை அரசாங்கமே வாங்க வழிசெய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமத்தை மலேசியா வழங்கி, மலிவான மருந்தைத் தருவித்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சி சோதனையில் முதலில் பார்ப்பது, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிரணுவைத்தான். அது 'பாசிடிவ்' என்றால் வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று இரண்டாவது சோதனை பார்த்த பிறகுதான் முடிவு. முதல் தாளைப் பார்த்துவிட்டு அழாதீர்கள்.

அந்த மிஸ்ஸி விஷயம். சின்ன ஊரில் இந்தப் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போனதும் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள்: "இவர் எனக்குத் தெரிந்தவர். என் பைலை வேறு யாராவது பார்க்கட்டும், ரிசல்ட்டை நீங்களே சொல்லுங்கள்." இது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் ஹெப்படைட்டிஸ் சோதனையை மட்டும் செகாமாட்டிலோ குளுவாங்கிலோ ஒரு தனியார் கிளினிக்கில் செய்துகொள்ளுங்கள். நோயாளியின் விஷயத்தை வெளியே பேசுவது வேலைக்கே வேட்டு வைக்கும் குற்றம் என்று மிஸ்ஸிகளுக்குத் தெரியும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி ஹெப்படைட்டிஸ் என்று உறுதியானால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது நோய்க் கட்டுப்பாட்டுக்காக. உங்கள் மாமியாருக்கோ கணவரின் முதலாளிக்கோ போகிற கடிதம் இல்லை.

கணவரிடம் எப்படிச் சொல்வது? ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். "அண்ணனுக்கு வந்தது குடும்பத்தில் ஓடக்கூடியதாம், டாக்டர் எல்லாரையும் பார்க்கச் சொன்னார், நீங்களும் ஒரு ரத்தம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இந்த டாக்டர் சொல்கிறேன். உங்களுக்கு இருந்து அவருக்கு எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் மூன்று ஊசியும் போட்டு முடித்து, எதிர்ப்பு வந்துவிட்டது என்று ரத்தத்தில் தெரியும்வரை ஆணுறை போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பிறந்தபோதே ஊசி போட்டிருப்பார்கள், ஊசிப் புத்தகத்தைப் பாருங்கள். உங்களுக்கு இருக்கிறது என்று வந்தால் அவர்களுக்கும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் தட்டு, டம்ளர் எதையும் தனியாக எடுத்து வைக்காதீர்கள். ஒரே சட்டியில் சோறு சாப்பிட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, பேரப்பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் வராது. நாலு பேர் முன்னால் ஒருத்தியின் டம்ளரை மட்டும் தள்ளி வைத்த வீடுகளைப் பார்த்து நெஞ்சு கொதித்திருக்கிறேன். தள்ளி வைக்க வேண்டியது ரத்தம் படும் சாமான்களை மட்டுமே: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. அப்புறம் நம் வீடுகளில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், பார்க்க விரலில் குத்தும் அந்தப் பேனா. மாமியார், மருமகள், பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரே பேனாவில் மூன்று விரல் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஊசியை மாற்றினாலும் பேனாவின் முனையில் ரத்தம் ஒட்டியிருக்கும். ஆளுக்கு ஒரு பேனா வேண்டும். தைப்பூசத்துக்கு மொட்டை போடும்போது பிளேடை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். அலகு குத்துகிறவர்கள் சொந்த அலகைக் கொண்டுபோகட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

யாராவது கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பார்கள், கட்டாயம் கொடுப்பார்கள். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பாருக் பிளம்பர்க்கே, சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988இல் வெளியான அந்த ஆய்வில் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்ததாகச் சொன்னார்கள். எல்லாரும் ஆவலோடு எடுத்துச் செய்து பார்த்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. நம் பாட்டி வைத்தியம் உலகத்தின் முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் உங்கள் ஈரலை வைத்து அதை நம்ப மாட்டேன்.

வெள்ளைப்படுதலையும் விட்டுவிடாதீர்கள். மூன்று மாதமாக மருந்துக்கு அடங்காதது பூஞ்சையாக இருக்கலாம், கிருமிச் சமநிலை கெட்டதாக இருக்கலாம், உடலுறவால் பரவும் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் உடலுறவால்தான் வர வேண்டும் என்பதில்லை. பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது என்றால் கணவருக்கும் சேர்த்து மருந்து. இனிப்புநீரும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் ஒரு காரணம்.

ஹெப்படைட்டிஸ் சோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டாம். தோசை சாப்பிட்டுவிட்டே போகலாம்.

உங்கள் அம்மா இருக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள், மற்ற அண்ணன் தங்கைகளையும். அம்மாவிடம் அண்ணன் பெயரை முதலில் எடுக்க வேண்டாம். "ஈரல் சோதனை, எல்லாரும் எடுக்கிறோம்" என்றால் போதும். ரிசல்ட் வந்து, "என்னால்தானா என் பிள்ளைக்கு" என்று அவர் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: அண்ணன் பிறந்த அன்றைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தடுக்க ஊசி இல்லை.